கலனுக்கு ஒரு இறாத்தல்: மீன்தொட்டிக் கல் ஒன்றின் கதை

கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிற ஆக்கள் எல்லாரும் ஆரம்பத்திலேயே கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. உள்ளே எவ்வளவு கல் போடவேணும்?

கல் எண்டு இங்கே சொல்வது கடையில் பக்கற்றில் விற்கிற கலர்க் கல்லை இல்லை. ஆங்கிலத்தில் 'லைவ் ரொக்' என்பார்கள். முருகைக்கற்பாறையிலிருந்து உடைந்து விழுந்த, அல்லது உடைத்தெடுத்த, துளைகள் நிறைந்த ஒரு துண்டு. இந்தக் கட்டுரையில் அதை உயிர்க்கல் எண்டு சொல்லிக்கொள்வோம். எவ்வளவு எண்ட கேள்விக்குப் பல வருடங்களாகப் புழங்கிவந்த விடை ஒரே வரிதான்: கலனுக்கு ஒரு இறாத்தல், முடிஞ்சால் இரண்டு.

எங்கட தலைமுறைக்கு இறாத்தல் எண்டால் பாண் மட்டும்தான் ஞாபகம் வரும். ஆகவே கணக்கை மாற்றிப் பார்ப்போம். ஒரு இறாத்தல் 454 கிராம். ஒரு அமெரிக்கக் கலன் கிட்டத்தட்ட 3.8 லீற்றர். மேசையில் வைக்கிற 40 லீற்றர்த் தொட்டிக்கு இந்தக் கணக்கின்படி ஏறக்குறைய 4.8 கிலோ கல் வேணும். இரண்டு இறாத்தல் எண்டால் 9.6 கிலோ. சின்னத் தொட்டிக்குள் அவ்வளவு கல்லை அடுக்கினால் மீன் எங்கே நீந்துவது?

வரலாறு படிக்கிற எனக்கு இந்த இலக்கத்தைவிட அது பிறந்த விதம்தான் பிடித்தது. தொட்டிக்குள் வாழும் பற்றீரியாவுக்குத் தராசு தெரியாது. அப்படியெண்டால் கல்லை எடை போட்டு அளக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது? அந்த எடையை யார் சுமந்தார்கள்?

முதலில், கல்லுக்கு உயிர் இருக்கிறதா?

இல்லை. கல், வெறும் கல்சியம் காபனேற்று. செத்துப்போன முருகைகளின் எலும்புக்கூடு. உயிர் இருப்பது அதில் குடியிருக்கிற ஆக்களுக்கு: பற்றீரியாக்கள், பாசிகள், கடற்பஞ்சுகள், புழுக்கள், கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ சின்ன உயிர்கள்.

மீன் கழிவு விடும், மிஞ்சின சாப்பாடு அழுகும். இரண்டிலிருந்தும் அமோனியா வரும். அமோனியா மீனுக்கு நஞ்சு. கல்லின் மேற்பரப்பில் ஒட்சிசன் இருக்கிற இடத்தில் வாழ்கிற பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக்கும், வேறு சில அதை நைத்திரேற்றாக்கும். நைத்திரேற்று அவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். கல்லின் உள்ளே, ஒட்சிசன் குறைந்த துளைகளில் இருக்கிற இன்னொரு கூட்டம் அந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியே விடும். வெளியே ஒரு வேலை, உள்ளே இன்னொரு வேலை. அதனால்தான் துளையுள்ள கல் வேணும் என்கிறார்கள்.

நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்களை ரஷ்ய விஞ்ஞானி சேர்கேய் வினொகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டியது 1890ஐ ஒட்டித்தான். ஆனால் அதற்கு நாற்பது வருடங்களுக்கு முன்னமே ஒரு பெண், காரணம் தெரியாமலே, தன்னுடைய தொட்டிக்குள் கல்லைப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

ஊசி, நூல், ஒரு பணிப்பெண்

1846இல் அன்னா தின் என்ற ஆங்கிலேயப் பெண் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள டோர்கீக்குப் போயிருந்தார். அங்கே கிடைத்த சின்ன முருகைகளில் ஆசைப்பட்டு, சிலவற்றை உயிரோடு இலண்டனுக்குக் கொண்டுவர முடிவெடுத்தார். வழியில் உருண்டு அடிபடாமல் இருக்க, ஊசியும் நூலும் எடுத்து அவற்றை ஒரு கடற்பஞ்சில் வைத்துத் தைத்தார். பிறகு சாடிக்குள் கடல்நீர் விட்டுக் கொண்டுவந்தார்.

இலண்டனில் கடல் இல்லை. வரவழைத்த கடல்நீர் கெட்டுப்போகாமல் இருக்கக் காற்றுப் பட வேண்டும். இப்ப நாங்கள் பம்ப் ஒன்றைச் செருகிவிட்டுப் போய்விடுவோம். அன்றைக்கு அந்த வேலையைச் செய்தது ஒரு பணிப்பெண். திறந்த யன்னலுக்கு முன்னால் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றதற்குத் தண்ணீரை மாறி மாறி ஊற்றுவார். ஒவ்வொரு முறையும் அரை மணித்தியாலத்துக்கு மேல். அன்னா தின்னின் பெயர் விஞ்ஞான வரலாற்றில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் கைகள்தான் அந்தத் தொட்டியின் முதல் இயந்திரம்.

அடுத்த வருடம், 1847இல், அன்னா தின் வேறொரு வழியை யோசித்தார். கடற்பாசி உயிரோடு ஒட்டியிருக்கிற சின்னக் கற்களையும் சிப்பித் துண்டுகளையும் வரவழைத்துத் தொட்டியில் போட்டார். செடியும் விலங்கும் ஒன்றையொன்று சமன்செய்யும் என்பது அவரது நம்பிக்கை. அந்த முருகைகள் மூன்று வருடங்கள் உயிரோடு இருந்தன. பாசி ஒட்சிசன் தந்ததுதான் காரணம் எண்டு அந்தக் காலத்தில் நினைத்தார்கள். கல்லோடு ஒட்டி வந்த பற்றீரியாக்களுக்கும் அதில் பங்கு இருந்திருக்கும் எண்டு இன்றைக்கு எங்களால் ஊகிக்க முடிகிறது.

சுத்தியலோடு கடற்கரைக்கு

ஒரு வீட்டுக்குள் நடந்த பரிசோதனை கொஞ்ச வருடங்களில் ஊர் முழுக்கப் பரவியது. 1845இல் பிரித்தானியாவில் கண்ணாடி வரி நீக்கப்பட்டு, கண்ணாடி மலிந்திருந்தது. ரயில் பாதைகள் கடற்கரை வரை போய்விட்டன. 1853இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்களுக்கென்று ஒரு கண்ணாடி மண்டபம் திறந்தார்கள். அடுத்த வருடம் பிலிப் ஹென்றி கொஸ் என்ற இயற்கையியலாளர் 'த அக்வேரியம்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். கடலை வீட்டு வரவேற்பறைக்குள் கொண்டுவருவது ஒரு மோகமாகிவிட்டது.

கொஸ் சொன்ன யோசனைகளில் ஒன்று எங்கட கதைக்கு முக்கியம். கடற்பாசிக்கு மண்ணில் ஊன்றுகிற வேர் கிடையாது, அது பாறையைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது. ஆகவே பிடுங்கிக் கொண்டுவந்தால் செத்துவிடும், அது பிடித்திருக்கிற பாறைத் துண்டையும் சேர்த்து உடைத்து எடுக்கவேண்டும். கையில் சுத்தியலும் உளியும் இருக்கவேண்டும்.

புத்தகம் வாசித்த ஆயிரக்கணக்கான ஆக்கள் அதைத்தான் செய்தார்கள். விளைவு என்னவென்று அவருடைய மகன் எட்மண்ட் கொஸ் 1907இல் எழுதினார். 'ஃபாதர் அன்ட் சன்' என்ற தன்னுடைய நினைவுக் குறிப்பில், சின்ன வயதில் தான் பார்த்த இங்கிலாந்துக் கரையோரப் பாறைக்குளங்கள் சேகரிப்பவர்களின் கூட்டத்தால் அழிந்துபோனதைச் சொல்கிறார். தன்னுடைய புத்தகங்களே அதற்கு வழிவிட்டன என்பது அப்பாவுக்கு வேதனையாக இருந்ததாகவும் எழுதுகிறார்.

தொட்டிக்காரர்கள் "எனக்கு எவ்வளவு கல் வேணும்" எண்டு கேட்டார்கள். கடலில் எவ்வளவு மிஞ்சும் எண்டு கேட்க ஒரு தலைமுறை பிந்திவிட்டது. இந்த ஒழுங்கு பிறகும் மாறவில்லை.

ஜகார்த்தாவில் கிடைத்த விடை

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கடல்மீன் வளர்ப்பவர்கள் வேறு பாதையில் போனார்கள். தொட்டியின் அடியில் தட்டு ஒன்றை வைத்து, அதற்கு மேல் சரளை பரப்பி, சரளைக்குள்ளால் தண்ணீரை இழுப்பது. கல்லும் முருகையும் அலங்காரத்துக்கு மட்டும். அதையும் நன்றாக வெளிறவைத்து, உயிரில்லாமல் ஆக்கித்தான் உள்ளே போட்டார்கள். சுத்தம் எண்டால் வெள்ளை, வெள்ளை எண்டால் சுத்தம்.

1961இல் 'ட்ரொப்பிக்கல் ஃபிஷ் ஹொபியிஸ்ட்' என்ற அமெரிக்கச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். தன்னுடைய முறைக்கு அவர் வைத்த பெயர் 'இயற்கையின் முறை'. அவருடைய தொட்டிகளில் வடிகட்டி கிடையாது. இயற்கைக் கடல்நீர், வெளிச்சம், மெல்லிய காற்றுக் குமிழி, இவற்றோடு கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்கள். அவ்வளவுதான். வெளிநாட்டில் மற்றவர்கள் மீனையே உயிரோடு வைத்திருக்கப் பாடுபட்ட காலத்தில் அவர் உயிருள்ள முருகைகளை வளர்த்துக்கொண்டிருந்தார்.

வாசித்தவர்கள் ஏன் உடனே பின்பற்றவில்லை? லீக்குக் கடல் பக்கத்தில் இருந்தது. கெட்டுப்போன கல்லை எடுத்துவிட்டு வேறு கல் போடலாம், தண்ணீரையும் மாற்றலாம். கடலிலிருந்து தூரத்தில் இருப்பவருக்கு வந்துசேர்கிற கல்லோ வழியிலேயே பாதி செத்திருக்கும். கடற்பஞ்சும் புழுவும் அழுகத் தொடங்கினால் தொட்டியில் அமோனியா ஏறும், மீன் போய்விடும். கல்லைத் தனிப் பாத்திரத்தில் சில கிழமைகள் வைத்து, அழுகல் முடிந்த பிறகு தொட்டியில் போடுகிற பழக்கம் பிறகுதான் ஊன்றியது.

1970களிலும் 80களிலும் ஜேர்மன் மொழி பேசுகிற நாடுகளில் இதே யோசனை திரும்ப வந்தது. சுவிற்சர்லாந்தின் பீற்றர் வில்கென்ஸ், பெர்லினின் டீற்றிச் ஸ்ரியூபர் போன்றவர்கள் உயிர்க்கல்லோடு இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்த்தார்கள். நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கிற 'ஸ்கிம்மர்', அதோடு பலமான வெளிச்சம். கல்முருகைகள் தொட்டிக்குள் வளரவே தொடங்கின. ஸ்ரியூபர் தன்னுடைய தொட்டியில் வளர்ந்த முருகையின் கிளைகளை முறித்து மற்றவர்களுக்குக் கொடுத்தார், அது நாடு நாடாகப் பரவியது.

இந்த முறைக்கு 'பெர்லின் முறை' எண்டு பெயர் நிலைத்துவிட்டது. பெர்லின்காரர்கள் சேர்த்ததைக் குறைத்துச் சொல்லவில்லை, ஸ்கிம்மர் இல்லாமல் இந்தக் கதை நடந்திருக்காது. ஆனாலும் அதன் அடித்தளமான கல்லை ஒரு ஆசியர் கட்டுரையாகவே எழுதி வைத்திருந்தார். உலகத்தின் வாயில் ஏறியது எந்த நகரத்தின் பெயர் எண்டு கவனியுங்கள்.

தராசு வருகிறது

அமெரிக்காவில் 1986இல் ஜோர்ஜ் ஸ்மிற் என்பவர் சஞ்சிகையில் எழுதிய தொடர் கட்டுரைகள் வீட்டுக்குள் முருகைத் தொட்டி வைக்கிற ஆசையைக் கிளப்பிவிட்டன. 1990களில் உயிர்க்கல் ஒரு பெரிய வியாபாரமானது. ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றி, பெட்டியில் அடைத்து, விமானத்தில் அனுப்புவார்கள். விமானக் கட்டணம் எடைக்கு. கடையில் விலையும் எடைக்கு. வாங்குபவரும் எடையிலேயே கேட்கத் தொடங்கினார்.

"கலனுக்கு ஒரு இறாத்தல்" என்ற வாய்பாடு இந்தச் சூழலில்தான் ஊன்றியது. அதில் அனுபவ உண்மை இல்லாமல் இல்லை. அவ்வளவு கல் போட்ட தொட்டிகள் பெரும்பாலும் நன்றாகத்தான் ஓடின. ஆனால் எடை, தப்பான அளவுகோல். பாரமான, இறுகிய கல்லில் துளை குறைவு, பற்றீரியாவுக்கு இடமும் குறைவு. இலேசான, துளைநிறைந்த கல் அதன் பாதி எடையிலேயே கூட வேலை செய்யும். அப்படிப் பார்த்தால், எடைக்கு வாங்குகிறவர் மோசமான கல்லுக்குத்தான் கூடக் காசு கொடுக்கிறார்.

கடலின் பக்கத்துக் கணக்கு

அமெரிக்காவின் புளோரிடாவில் இந்த வியாபாரத்தை முதலில் நிறுத்தியது அரசு. மாநிலத்தின் கடற்பரப்பில் உயிர்க்கல் எடுப்பதை 1989இல் தடைசெய்தார்கள். அதற்கு வெளியே உள்ள சமஷ்டிக் கடற்பரப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 1997 தொடக்கத்தோடு முற்றாக நிறுத்தினார்கள். காரணம் எளிமையானது. மீனைப் பிடித்தால் மீன் குஞ்சு பொரிக்கும், பாறை பொரிக்காது. முருகைகள் பல காலமாகக் கட்டியதை ஒரு பின்னேரத்தில் உடைக்கலாம், திரும்பக் கட்ட எங்களால் காத்திருக்க முடியாது.

அங்கேயே ஒரு மாற்று வழியும் பிறந்தது. தரையில் வெட்டியெடுத்த சுண்ணாம்புக் கல்லைப் படகில் கொண்டுபோய், குத்தகைக்கு எடுத்த கடலடியில் போடுவார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து எடுத்தால் கல்லில் பாசி, பஞ்சு, புழு எல்லாம் குடியேறியிருக்கும். செத்த கல் உயிர்க்கல்லாகிவிடும். இயற்கையான பாறையிலிருந்து வேறுபடுத்தி அடையாளம் காணக்கூடிய கல்லைத்தான் போடவேண்டும் என்பது சட்டம், இல்லாவிட்டால் திருட்டுக் கல்லையும் இதுதான் எண்டு விற்றுவிடுவார்கள்.

ஆனால் தொட்டிக்காரர்களின் தேவை குறையவில்லை, இடம்தான் மாறியது. பசிபிக்கில் உள்ள பிஜித் தீவுகள் உயிர்க்கல் ஏற்றுமதியில் முன்னணிக்கு வந்தன. அங்கே கரையோரக் கடலில் கிராமத்தவர்களுக்குப் பரம்பரை மீன்பிடி உரிமை உண்டு. வற்றுநேரத்தில் இரும்புக் கம்பியோடு பாறைத்தளத்துக்குப் போய், கல்லைப் பெயர்த்து, கரைக்கு இழுத்துவந்து கிலோக் கணக்கில் விற்பார்கள். வேறு வருமானம் குறைந்த கிராமங்களுக்கு அது பெரிய காசு. அதே பாறைதான் அவர்களுடைய மீனுக்கு வீடு, அலைக்குத் தடுப்பு. 2017 இறுதியில் பிஜி அரசு முருகை, உயிர்க்கல் ஏற்றுமதியை நிறுத்துவதாக அறிவித்தபோது பாறைக்கு ஆறுதல், பெயர்த்து விற்றவருக்கு அடி. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேணும். "தடை நல்லது" எண்டு தூரத்திலிருந்து சொல்வது சுகம்.

எங்கட முருகைக்கல்

கடலிலிருந்து எவ்வளவு கல் எடுக்கலாம் என்ற கேள்வி இலங்கைக்கும் புதிதில்லை. இங்கே அது மீன்தொட்டிக்காக வரவில்லை, சுண்ணாம்புக்காக வந்தது. அம்பலாங்கொடை, ஹிக்கடுவைப் பக்கத்தில் முருகைக்கல்லை உடைத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். வீடுகள் எழும்பின, கரை அரித்தது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988இல் அதற்கு வந்த திருத்தமும் இதைத் தடுக்கப் பார்த்தன. தடைக்குப் பிறகும் களவாக உடைப்பது நடந்தது, ஏனென்றால் உடைத்தவர்களுக்கு அதுதான் சோறு.

2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரைக்குப் போன ஆய்வாளர்கள், ரயிலையே புரட்டிப்போட்ட பெரலியவில் அழிவு அவ்வளவு மோசமாக இருந்ததற்குக் கடலடிப் பாறை உடைத்தெடுக்கப்பட்டிருந்ததும் ஒரு காரணம் எண்டு எழுதினார்கள். சில கிலோமீற்றர் தள்ளி, பாறை பாதுகாக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை அவ்வளவு உள்ளே வரவில்லை.

வடக்கில் எங்களுக்குத் தெரிந்த முருகைக்கல் வேறு. நெடுந்தீவில் சீமெந்து இல்லாமல் அடுக்கிக் கட்டின மதில்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லின் உயிர் போய் எவ்வளவோ காலம். ஆனால் பொருள் அதேதான், கல்சியம் காபனேற்று, துளை துளையாக. புளோரிடாக்காரர்கள் தரையில் வெட்டிக் கடலில் போட்டதும் இந்த வகைக் கல்லைத்தான். இதைச் சொல்வது மதிலில் கை வைக்க இல்லை! செத்த கல்லுக்கும் உயிர்க்கல்லுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் காலமும் குடியிருப்பவர்களும் மட்டும்தான் எண்டு விளங்கிக்கொள்ளத்தான்.

அப்ப, எவ்வளவு?

இன்றைக்கு உலகத்தில் பலர் தொட்டி தொடங்குவது உலர்ந்த கல்லோடுதான். நிலத்திலிருந்து வெட்டியெடுத்த பழைய முருகைக்கல், அல்லது தொழிற்சாலையில் செய்த துளைக்கல். அதோடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற ஒரு தொட்டியிலிருந்து கைப்பிடியளவு உயிர்க்கல் வாங்கிப் போட்டால், தயிருக்கு உறை ஊற்றின மாதிரி, பற்றீரியா மற்றக் கல்லுக்கும் பரவும். சில கிழமைகள் கூடப் பிடிக்கும். முதலில் பழுப்புப் பாசி பிடித்து அசிங்கமாகவும் இருக்கும். கடலில் இருந்து வருகிற கல்லோடு வரும் சின்ன உயிர்களின் பல்வகைமை இதில் கிடைக்காது என்பதும் உண்மை. பதிலுக்கு, தொல்லை தருகிற அனிமனிகளும் இறாலைப் பிடித்துத் தின்னுகிற பூச்சிகளும் வராது, கடலும் உடைபடாது.

அளவைப் பற்றி. பெரிய தொட்டியில் தண்ணீர் மாற்றுவது பெரும் வேலை, ஆகவே நைத்திரேற்றை ஒழிக்கக் கல்லின் உட்பக்கத்தை நம்பவேண்டியிருக்கிறது. 40 லீற்றர்த் தொட்டியில் கிழமைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மாற்றுவதென்றால் 4 லீற்றர், அரை வாளிகூட இல்லை. கல் செய்யவேண்டிய வேலையில் பாதியை அந்த வாளி செய்துவிடும். ஆகவே இரண்டு சின்ன மீன் மட்டும் வைக்கிற அப்படிப்பட்ட தொட்டிக்கு, துளையுள்ள நல்ல கல் 3, 4 கிலோ தாராளம். 9.6 கிலோ போட்டால் கல்லே ஏறக்குறைய 4 லீற்றர்த் தண்ணீரின் இடத்தைப் பிடித்துவிடும். சின்னத் தொட்டியில் அந்த 4 லீற்றர் பெரிய விஷயம், ஏனென்றால் தண்ணீர் குறையக் குறைய நஞ்சு சீக்கிரம் ஏறும். கல்லைக் கண்ணாடியோடு ஒட்டி அடுக்காமல், எல்லாப் பக்கத்தாலும் தண்ணீர் ஓட இடம் விட்டால், குறைந்த கல்லே கூட வேலை செய்யும். ஓட்டம் இல்லாத மூலையில் இருக்கிற கல்லில் குப்பைதான் சேரும்.

ஆக, 1847இல் சாடிக்குள் விழுந்த ஒரு சின்னக் கல்லில் தொடங்கி, 1990களில் பெட்டி பெட்டியாக விமானம் ஏறி, இப்ப திரும்பவும் கைப்பிடியளவுக்கு வந்திருக்கிறது இந்தக் கணக்கு. நடுவில் நூற்றைம்பது வருடங்களுக்கு மேல். எங்கட நாட்டில் கற்பவளம் ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது, கடலில் போய் உடைத்தெடுப்பதும் குற்றம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை, தேவையே இல்லாததாலும் அதை விட்டுவிடலாம்.

யாராவது உங்களிடம் "இது ஒறிஜினல் கடல் கல்லு, கூட எடுத்தால் விலை குறைச்சுத் தாறன்" எண்டு சொன்னால், எத்தனை கிலோ எண்டு கேட்பதற்கு முன்னம், எந்தக் கரையில் இருந்து, யார் எடுத்தது எண்டு கேட்டுப் பாருங்கள்.